யானை தின்ன சீர்

கிட்ட வந்து உக்காருங்க. அந்த டயர் மேலயே உக்காரலாம், வேட்டியில கறை படியாது, பழைய டயருதான். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. இந்தக் கம்ப்ரசர் ஓடுற சத்தத்துல நான் பேசறது உங்களுக்குக் கேக்கோணுமில்லீங்களா. எனக்குச் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லீங்க. எம்பட வாய் எப்பவுமே மெதுவான வாய்.

அட, ஏனுங்க காதைப் பொத்தறீங்க? ஆமாமா, இந்தக் கம்ப்ரசர் ஒரு எழவு. டேய் ஆறுச்சாமி, அதைச் சித்த நேரம் நிறுத்தப்படாதா? இங்க மனுசங்க பேசிக்கிட்டிருக்கறோம். சரி விடுங்க, ஓடட்டும்.

நீங்க கேட்டது என்ன? வேன் மேல கேரியர் ஏன் அப்பளமா நொறுங்கிக் கிடக்குது, சைடு கதவு ஏன் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுன்னுதானே? லாரிக்காரன் இடிச்சுட்டானான்னு கேட்டீங்க. இடிச்சது லாரி இல்லீங்க. சொல்றேன். ஆனா முதல்ல இருந்து சொன்னாத்தான் சரியா வரும். உங்க ஸ்கூட்டரைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது இன்னைக்கு ஆகாது. ஆறுச்சாமி சாயங்காலம்னு சொன்னா நாளைக்குன்னு அர்த்தம்.

எம்பேரு நாச்சிமுத்து. வயசுக் காலம் பூராவும் லாரிதானுங்க. சேலம், மெட்ராஸ் லைன். இப்ப இந்த வேனை வச்சுக்கிட்டு கோயில் குளம், கல்யாணம் காட்சின்னு வாடகைக்கு ஓட்டறேன். எனக்கு ஒரே தங்கச்சி, தாரணி. அது பொறந்தப்பவே நான் லாரியில கிளீனரா ஏறிட்டேன். லோடு இறக்கிட்டு வீட்டுக்கு வந்தா, குளிக்கறதுக்கு முன்னாலயே அதைத் தூக்கித் தோள்ல வச்சுக்குவேன். எங்கம்மா வையும், புள்ளை மேல டீசல் வாசம் அடிக்குதுன்னு. அந்தப் புள்ளைதான் படிச்சு, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைக்குப் போயி, நவநீதன்னு ஒரு தங்கமான மாப்பிள்ளையைக் கட்டி, ஒரு பொண்ணையும் பெத்து வச்சிருக்குது. பாப்பா பேரு ஆதிரை. ரெண்டு வயசு முடிஞ்சு கொஞ்சம் மேல.

எனக்குப் பொண்ணு புள்ளை இல்லீங்க. அது கிடக்கட்டும்.

காதுகுத்துன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா? மாமன் சீர்த்தட்டு கொண்டாந்து வைப்பான். குழந்தையை மடியில உக்கார வச்சுக்குவான். ஆசாரி ஊசியைப் போடுவாரு. தாய்மாமன்னு ஒருத்தனை ஆண்டவன் படைச்சதே அந்த மடிக்காகத்தானுங்க. மத்ததுக்கெல்லாம் அப்பன் இருக்கறான்.

இங்கதான் சிக்கல். அந்தக் குட்டிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. மூஞ்சியைப் பாத்தா உதடு பிதுங்கும். கிட்டப் போனா அம்மா சீலைக்குள்ள பூந்துக்கும். தூக்கினேன்னு வைங்க, ஊரே கூடிரும். எங்கிட்ட அது பேசுற ஒரே வார்த்தை, "போ." அதையும் சும்மா சொல்லாது. கையை நீட்டி, வாசலைக் காட்டி, "போ!" அப்பன்கிட்ட "வா", அம்மாகிட்ட "தா", எங்கிட்ட மட்டும் "போ".

அதுல இன்னொரு கூத்து என்னன்னா, எங்க சித்தப்பா பையன் கிரிதரன்னு ஒருத்தன் இருக்கறான். பெங்களூர்ல தாரணி இருக்கற அதே அபார்ட்மென்ட்ல குடியிருக்கறான். அவன் பேசுனா பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்காதுங்க, அப்படி ஒரு பூனைப் பேச்சு. குழந்தை அவங்கிட்ட ஓடிப் போய் ஒட்டிக்குது. அவங்கிட்ட அப்படி என்னத்தைக் கண்டுச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

காதுகுத்துக்குத் தேதி வச்சாச்சு. சத்தியமங்கலம் தாண்டி மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கோயில். அதுக்கு முன்னால ஒரு வாரம் ரெண்டு பேருக்கும் லீவு. மாப்பிள்ளை ஒரு யோசனை பண்ணுனாரு. நேரா ஊருக்கு வராம, நாகரஹொளே, பந்திப்பூர், முதுமலைன்னு காடு காடாப் பாத்துக்கிட்டு, கடைசியில சாம்ராஜ்நகர் வழியா திம்பம் மலை இறங்கிக் கோயிலுக்கு வந்தரலாம்னு. "ஆதிரை புலியைப் பாக்கணும் மச்சான். காட்டுல பாக்கணும்"ங்கறாரு. ரெண்டு வயசுக் குழந்தைங்க அது. வீட்டுச் செவுத்துல பல்லி போனாலே அரை நாள் நின்னு பாக்கும்.

தாரணி எனக்குப் போன் பண்ணுச்சு. "அண்ணா, நீ வேனை எடுத்துக்கிட்டு வா. நீயே ஓட்டு. ஒரு வாரம் கூடவே இருந்தா பாப்பா பழகிக்கும். அப்பவும் அழுதுச்சுன்னா..."

"அழுதுச்சுன்னா?"

"அத்தை சொல்றாங்க, கிரி மடியில வச்சுக் குத்திக்கலாமுன்னு. அவனும் மாமன் முறைதானே."

எனக்கு நெஞ்சுல யாரோ ஜாக்கி வச்சுத் தூக்கின மாதிரி இருந்துச்சுங்க. ஆனா கோவப்படல. மெதுவாத்தான் சொன்னேன், "நான் உசுரோட இருக்கறப்ப அந்தப் புள்ளை எவன் மடியில உக்காருதுன்னு பாக்கறேன்"னு. போனை வச்சுட்டுத் திரும்பறேன், டீக்கடையில அத்தனை பேரும் டம்ளரைக் கையில புடிச்சுக்கிட்டு என்னையே பாக்கறாங்க. ஒட்டுக் கேக்கற ஊருங்க எங்க ஊரு.

பெங்களூர் போனேன். கதவு திறந்ததும் அன்பாக் கூப்பிட்டேன், "குட்டீ! மாமன் வந்திருக்கறேன் பாரு!"ன்னு. எதிர்வீட்டுக் கதவு திறந்துச்சு. கீழ இருந்து வாட்ச்மேன் அண்ணாந்து பாக்கறான். குட்டி ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு வீல்னு ஒரு கத்து.

"அண்ணா, மெல்ல"ங்குது தாரணி.

"மெல்லத்தானம்மா கூப்பிட்டேன்?"

அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, காரணம் என்னன்னு. மீசை! அப்ப எனக்கு மீசை இப்படி இருக்காதுங்க. இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாட்டு வண்டிப் பூட்டாங்கயிறு மாதிரி தடியா இருக்கும். குழந்தை அதைப் பாத்துத்தான் பயப்படுதுன்னு தீர்மானம் பண்ணிக்கிட்டேன். ஆனா இருபது வயசுல வச்ச மீசை, உடனே மனசு வருமா? பொறுத்துப் பாக்கலாம்னு விட்டேன்.

நாகரஹொளேவுல காட்டு இலாகா பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போனாங்க. எல்லாரும் வாயை மூடிக்கிட்டு உக்காரோணுமாம். கொஞ்ச தூரம் போனதும், மூங்கில் புதருக்குப் பக்கத்துல, நெசமாலுமே புலிங்க! சும்மா மஞ்சள் அரைச்சுப் பூசின மாதிரி படுத்திருக்குது. முதல்ல பாத்தது நாந்தான். மாப்பிள்ளைக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னேன், "மாப்பிள்ளை, அங்க பாருங்க புலி!" ஒரே தாவு. ஆளைக் காணோம். அவரு பைனாகுலரை எடுத்துக் கண்ணுல வைக்கறதுக்குள்ள புதர்தான் ஆடுது. பஸ்ஸுல இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னையே பாத்தாங்க. நன்றி சொல்லோணும்னு நினைச்சிருப்பாங்க, பாசை தெரியாதவங்க பாவம்.

குட்டி என்ன பண்ணுச்சு தெரியுங்களா? அம்மா மடியில நல்ல தூக்கம். திரும்பி வந்து கேட்டு வாசல்ல இறங்கினதும் முழிச்சுச்சு. அங்க ஒரு கோழி மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. "ஐ! கோயி! கோயி!"ன்னு ஒரே குதியாட்டம். மாப்பிள்ளை தலையில கை வச்சுக்கிட்டாரு. "இதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா தாரணி? உங்கண்ணன் வீட்டுலயே கோழி இருக்குதே." தாரணி சிரிச்ச சிரிப்புல பாப்பாவும் சிரிச்சுது. சந்தர்ப்பம் இதுதான்னு நானும் கிட்டப் போயி, "கோழி வேணுமா குட்டி!"ன்னு கேட்டேன். "போ!"

பந்திப்பூர் ரோட்டுல ஆரன் அடிக்கக் கூடாதாம், போர்டு வச்சிருக்கறான். எம்பட கையோ, ஒரு வளைவு விடாம ஆரன் அடிச்சுப் பழகின கை. அது பாட்டுக்கு மான் கூட்டத்தைப் பாத்ததும் அமுக்கிருச்சு. மானெல்லாம் போச்சு. குட்டி அழுகை. "அண்ணா, நீ வண்டி ஓட்டறியா, வேட்டைக்கு வந்தியா?"ங்குது தாரணி. என் தங்கச்சிக்கு வாய் சாஸ்திங்க. அது மட்டும் எங்க வம்சத்துல இல்லாத வாய்.

மசினகுடியில ராத்தங்கல். காலையில ஒரு சலூன் கண்ணுல பட்டுச்சு. போய் உக்காந்து, "எடுத்துரு"ன்னேன். "எதைங்ணா?"ங்கறான். மீசையைத் தொட்டுக் காட்டினேன். அவன் பாவம், கத்தியைக் கையில எடுத்துட்டு மறுபடியும் கேட்டான், "நெசமாவா?" எடுத்து முடிச்சதும் கண்ணாடியில பாத்தா எனக்கே யாரோ மாதிரி இருக்குது. மேலுதட்டுல காத்துப் படுதுங்க, புதுசா.

நேரா ரூமுக்கு வந்து, "குட்டீ! இப்பப் பாரு மாமனை!"ன்னேன். அது பாத்துச்சு. ஒரு நிமிசம் வாயைத் திறந்துக்கிட்டுப் பாத்துச்சு. அப்புறம் முன்னால அழுததெல்லாம் ஒண்ணுமே இல்லைங்கற மாதிரி அழுதுச்சு பாருங்க. தாரணி சிரிக்காம இருக்கறதுக்குத் தலைகாணியில மூஞ்சியைப் பொதைச்சுக்கிச்சு. மாப்பிள்ளை மட்டும் மரியாதையா, "நல்லாத்தான் இருக்கு மச்சான், கொஞ்சம் நாளாகும்"னாரு. எதுக்கு நாளாகுமுன்னு சொல்லல.

மீசையும் போச்சு, மடியும் போயிருமோன்னு முதல் தடவையா கவலை வந்துச்சுங்க.

அன்னைக்குச் சாயங்காலம் தெப்பக்காடு யானை முகாம். வரிசையா யானைங்க நிக்குது. ராகியும் கொள்ளும் வேக வச்சு உருட்டி, தலைகாணி மாதிரி கவளம் செஞ்சு வாய்க்குள்ள வைக்கறாங்க. குட்டி அப்பன் தோள்ல உக்காந்துக்கிட்டு இமை கொட்டாமப் பாக்குது. புலியைப் பாக்காத கண்ணு, அங்க அப்படிப் பாத்துச்சு. தின்னு முடிச்ச ஒரு யானை இன்னும் வேணுமுன்னு தும்பிக்கையை நீட்டுச்சு. பாகன் என்ன பண்ணுனாரு, ரெண்டு கையையும் விரிச்சு, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிக் காட்டினாரு. "தீந்துருச்சு. போ." அவ்வளவுதான். அத்தாப்பெரிய யானை, பேசாம திரும்பிப் போச்சு.

குட்டிக்கு அது ஒண்ணு புடிச்சுப் போச்சு. அன்னைல இருந்து எதைத் தின்னாலும், கையை விரிச்சு, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, "தீந்துச்சு! போ!" இட்லி தின்னாத் தீந்துச்சு. பால் குடிச்சாத் தீந்துச்சு. பாதி இட்லி தட்டுல இருக்கறப்பவே தீந்துச்சுன்னு கை விரிக்கும். அம்மாக்காரி ஊட்டறதை நிறுத்தறதுக்கு அது கண்டுபுடிச்ச வழிங்க அது. அது மட்டுமா, யானைக்கு "யானை மாமா"ன்னு பேரு வேற வச்சிருச்சு. யானை மாமாவாம். நான் "போ"வாம்.

அடுத்த நாள் கடைசி நாள். குண்டல்பேட்டை, சாம்ராஜ்நகர் தாண்டி வரோம். மறுநாள் விடிஞ்சா காதுகுத்து. மடி எனக்கு இல்லைன்னா, சீராவது ஊரு வாயைப் பொளக்கற மாதிரி வைக்கோணுமுன்னு தோணிப் போச்சு. ரோட்டோரம் கரும்பு வெட்டிக்கிட்டு இருந்தாங்க. நிறுத்தினேன். தோகையோட, முழு நீளத்துல, ஒரு கட்டுக் கரும்பு வாங்கி மேல கேரியர்ல கட்டினேன். ஒரு முழுத் தார் வாழை. ஒரு பலாப்பழம், வெல்லம், தேங்காய் எல்லாம் பின் சீட்டுல.

"அண்ணா, இதெல்லாம் சத்தியமங்கலத்துல கிடைக்காதா?"ங்குது தாரணி.

"சத்தியில கிடைக்கறது சத்திக்காரன் சீரு. இது வெட்டின கை காயாத கரும்பு."

"மச்சான், இனி வர்றது யானைக் காடு"ங்கறாரு மாப்பிள்ளை.

எனக்குத் தெரியாதுங்களா? அதுக்குத்தானே மேல தார்ப்பாய் போட்டு மூடினேன். யானைக்குக் கண்ணு சின்னதுன்னு எல்லாருக்கும் தெரியும். மூடிட்டா எப்படித் தெரியும் அதுக்கு?

செக்போஸ்ட்ல காட்டு இலாகா கார்டு ஒருத்தன் கேட்டான், "மேல என்னங்க?" பூசைச் சாமானுன்னேன். பொய் இல்லையே. "திங்கற சாமான் இருந்தா யானை வண்டியை நிறுத்துமுங்க, பாத்துப் போங்க"ன்னான். தாரணி கண்ணாடி வழியா என்னை ஒரு பார்வை பாத்துச்சு. நான் ரோட்டைப் பாத்தேன்.

ஆசனூர் வர்றதுக்குள்ள, ஒரு வளைவு திரும்பறேன். ரோட்டுக்குக் குறுக்க நிக்குது. எங்கிருந்து வந்துச்சு, எப்ப வந்துச்சு, ஒண்ணும் தெரியாது. ரோட்டை அடைச்சுக்கிட்டு, காதை விசிறிக்கிட்டு, வருவீங்கன்னு தெரியும்கற மாதிரி நிக்குது.

"மச்சான், ரிவர்ஸ்"ங்கறாரு மாப்பிள்ளை, பல்லுக்குள்ளயே. பின்னால ஒரு லாரி வந்து நின்னுருச்சு. போக வழியில்ல.

நான் பயப்படலீங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். இப்படி நேரத்துல டிரைவர் பதட்டப்படக் கூடாது. நான் கையை ஆட்டல, காலை ஆட்டல. மூச்சு கூட விடல. ஸ்டியரிங்கைப் புடிச்ச புடியை விடவே இல்ல. அப்புறம் மாப்பிள்ளைதான் ஒவ்வொரு விரலா எடுத்து விட்டாரு, அவருக்குப் பதட்டம். ஒரு சத்தம் போட்டா யானை ஓடிருமேன்னு வாயைத் திறந்தேன். குரல் வரல. மலைக்காத்துங்க, தொண்டையைக் கட்டிருச்சு. அந்த நேரம் பாத்துக் கட்டிருச்சு.

தும்பிக்கை மேல போச்சு. தார்ப்பாய் கிழியறது கேக்குது. கேரியர் மடக் மடக்குன்னு மடங்குது. கரும்பை உருவற சத்தம், கடிக்கற சத்தம். தலைக்கு மேல ஒரு ஆலை ஓடுன மாதிரி. சாறு முன் கண்ணாடியில வழியுது. முடிஞ்சுதுன்னு பாத்தா, தும்பிக்கை சைடுக்கு வந்துச்சு. கதவைப் புடிச்சு ஒரு இழு. அந்தக் கதவுதான் இந்தக் கதவு. வாழைத்தார் முழுசாப் போச்சு. பலாப்பழம் போச்சு. தேங்காய், வெல்லம், வெல்லம் கட்டின காயிதம், எல்லாம் போச்சு. எம்பட சீரு, ஒவ்வொண்ணா, எங்கண்ணு முன்னால. தாரணி குட்டியைக் கட்டிக்கிட்டு அத்தனை சாமி பேரையும் சொல்லுது, வரிசை மாத்தி மாத்திச் சொல்லுது.

எல்லாம் முடிஞ்சும் யானை போகல. தும்பிக்கையை உள்ள விட்டுத் தடவுது. சீட்டைத் தடவுது, பையைத் தடவுது, தாரணி சீலையைத் தடவுது. குட்டிக்கு எதுருல வந்து நின்னுச்சு.

எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னு உங்ககிட்டச் சொல்றேன். சீரும் வேண்டாம், மடியும் வேண்டாம், அந்தக் கிரி மடியிலயே ஆயிசுக்கும் உக்காரட்டும், புள்ளை பொழைச்சாப் போதுமுன்னு தோணுச்சு.

குட்டி அம்மா புடியில இருந்து ரெண்டு கையையும் உருவி வெளியில எடுத்துச்சு. விரிச்சுச்சு. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, "யானை மாமா, தீந்துச்சு."

தும்பிக்கை நுனி வந்து அந்தச் சின்னக் கையைத் தொட்டுச்சு. மோந்து பாத்துச்சு. புஸ்ஸுன்னு ஒரு ஊது. குட்டிக்கு முன்நெத்தி மயிரெல்லாம் எந்திரிச்சு நிக்குது. அது பயப்படல. கொஞ்சம் கோவப்பட்டுச்சு. மறுபடியும் கையை விரிச்சு, "தீந்துச்சு! போ!"

அந்தப் "போ" எனக்குப் பழக்கமான போ தானுங்க. கையை நீட்டி, வாசலைக் காட்டற அதே போ. எத்தனை தடவை வாங்கியிருக்கறேன். யானையும் வாங்கிச்சு. தும்பிக்கையை வெளிய எடுத்துச்சு, திரும்புச்சு, ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள்ள நடந்து போச்சு. ஒரு வார்த்தையில போச்சுங்க. அதுக்கப்புறம் அந்தப் போவை நினைச்சு எனக்கு வருத்தமே இல்ல. யானைக்கே அதுதான்னா நாம எம்மாத்திரம்?

திம்பம் மலை முழுக்க மாப்பிள்ளைதான் ஓட்டினாரு. நான் பின்னால உக்காந்துக்கிட்டேன், தொண்டை சரியில்லைன்னுட்டு. கதவைக் கயித்துல கட்டி வச்சிருந்தோம். நான் ஒண்ணும் பேசல, பேச வரல. ரெண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டறப்ப, குட்டி, தாரணி மடியில இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் வந்து என் முழங்கால்ல கையை வச்சுச்சு. "என்னடா குட்டி"ன்னேன், காத்துதான் வருது, சத்தம் வரல. அது சிரிச்சுது. ஏறி எம்பக்கத்துல உக்காந்துக்கிச்சு.

தாரணி என்னைப் பாத்துச்சு. மாப்பிள்ளை கண்ணாடியில பாத்தாரு. ரெண்டு பேரும் என்னமோ கண்ணுலயே பேசிக்கிட்டாங்க. "அண்ணா, நாளைக்கு வரைக்கும் நீ இப்படியே தொண்டைக்கு ரெஸ்ட் குடு. ஒரு வார்த்தை பேசப்படாது, ஆமா"ன்னுச்சு. எம்மேல அப்படி ஒரு அக்கறைங்க என் தங்கச்சிக்கு.

எனக்குக் காரணம் அப்பவே விளங்கிருச்சு. மீசை எடுத்து ரெண்டு நாள் ஆச்சு பாருங்க. மாப்பிள்ளை சொன்னதுதான், நாளாகுமுன்னு. அதுபோக, யானை முன்னால நான் ஆடாம அசையாம உக்காந்திருந்ததைக் குழந்தை பாத்துருச்சு. தைரியசாலி யாருன்னு குழந்தைக்குத் தெரியாதா?

மறுநாள் கோயில். சொந்தபந்தமெல்லாம் வந்தாச்சு. கிரிதரன் சில்க் ஜிப்பா போட்டுக்கிட்டு வந்து நிக்கறான். மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க, "மாமன் சீரு எங்கீங்க?" எங்கிட்ட இருக்கறது வெறும் தட்டுங்க. கடைத்தெருவுல புதுசா வாங்கி வச்சிருக்கலாம், தாரணியும் சொல்லுச்சு. அன்னைக்குப் பாத்து எனக்கு மனசு வரல. யானை தின்னது சீரு. அதுக்கு மேல இன்னொரு சீரா?

கூட்டத்துல ஒருத்தன் சொல்றான், "மாமன் வெறுங்கையை வீசிக்கிட்டு வந்திருக்கறான் டோய்." எப்பவும் போல இருந்தா அவனை ஒரு சத்தத்துல உக்கார வச்சிருப்பேன். தொண்டை இன்னும் திறக்கல. என்ன பண்றது? எல்லாருக்கும் முன்னால நின்னு, ரெண்டு கையையும் விரிச்சேன். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிக் காட்டினேன். காத்துக் குரல்ல சொன்னேன், "தீந்து போச்சுங்க. யானை தின்னுருச்சு."

கிரி இடுப்புல உக்காந்திருந்த குட்டி அதைப் பாத்துச்சு. கெக்கெக்கேன்னு ஒரு சிரிப்பு. "தீந்துச்சு! தீந்துச்சு!"ன்னு கையை ஆட்டிக்கிட்டு, கிரி இடுப்புல இருந்து வழுக்கி இறங்கி, கூட்டத்துக்குள்ள அத்தனை காலையும் தாண்டி ஓடியாந்து, எம்முன்னால நின்னு கையை விரிச்சுச்சு. நான் ஒரு விரி. அது ஒரு விரி. நான் ஒரு விரி. அது ஒரு விரி. ஊரே சிரிக்குது.

அப்படியே பலகையில உக்காந்தேன். அது வந்து, கூப்பிடாம, தூக்காம, தானாத் திரும்பி, எம்மடியில உக்காந்துச்சுங்க.

டேய் ஆறுச்சாமி, கதவை மட்டும் சரி பண்ணு. மேல கேரியரைத் தொட்டீன்னா கையை ஒடிச்சுருவேன். அது அப்படியே இருக்கட்டும்.

எங்க விட்டேன்? ஆங், மடி. ஆசாரி வந்து உக்காந்தாரு. வயசானவரு, நல்ல கை. சந்தனம் தொட்டு வச்சாரு, ஊசியை எடுத்தாரு, வலது காதுல ஒரே குத்து. குட்டிக்கு என்ன நடந்துச்சுன்னே ஒரு கணம் தெரியல. அப்புறம் உதடு பிதுங்கி, வாய் திறந்து, மலை இறங்கற லாரி மாதிரி ஒரு அழுகை. நான் காதுகிட்டக் குனிஞ்சு, குரலே இல்லாம, "சரி சரி சரி"ன்னேன். அது எஞ்சட்டையைப் புடிச்சுக்கிட்டு, விக்கி விக்கி, மெல்ல அடங்கிருச்சு. எங்கிட்ட அழுது எங்கிட்டயே அடங்கினது அதுதான் முதல் தடவைங்க. மீசை எடுத்தது எவ்வளவு நல்லதுன்னு பாருங்க.

இப்பக் கம்ப்ரசரை நிறுத்திட்டானே, இன்னும் ஏன் காதுல கையை வச்சிருக்கறீங்க? காது வலியா? டாக்டர்கிட்டக் காட்டுங்க, விடாதீங்க.

அப்புறமுங்க, ஆசாரி இடது காதுக்கு ஊசியை எடுத்துக்கிட்டு வளைஞ்சு இந்தப் பக்கம் வந்தாரு. குட்டி கண்ணீரோட அவரை ஏற இறங்கப் பாத்துச்சு. ஊசியைப் பாத்துச்சு. எஞ்சட்டையை விட்டுட்டு, ரெண்டு கையையும் அவரு மூஞ்சிக்கு நேரா விரிச்சுச்சு. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டுச் சொல்லுச்சு:

"காது தீந்துச்சு. போ!"

அந்த மனுசனும் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு, பேசாம ரெண்டு எட்டுப் பின்னால போயிட்டாருங்க.